தோ டீச்சரின் துணையாள்

தோ டீச்சர் என்னிடம் அந்த உதவியைக் கேட்டபோது அவர் உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. எங்கள் இடத்தில் அது ஒன்றும் விசேஷமில்லை. புசானில், மங்மி சந்தைக்குப் பின்னால் ஏறும் சரிவில் இருக்கிற குளியல் கூடத்தில், பெண்கள் பகுதியில் நான் தேய்ப்புக்காரி. வெந்நீர்த் தொட்டியில் ஊறி எழுந்து வருகிறவர்களை ரெக்சின் மேசையில் படுக்க வைத்து, சொரசொரப்பான கையுறை மாட்டிக்கொண்டு, கழுத்து முதல் கால்விரல்வரை தேய்த்து அழுக்கு எடுத்து அனுப்புவேன். பியோன் மால்-சுக் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை கிடையாது. எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்த கிழவிகள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் என்ன செய்ய, ஏன் என்று கேட்டுக்கொண்டு போவேன்.

டீச்சர் வியாழக்கிழமை மதியம் வருவார். கூட்டமே இல்லாத நேரம். நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர். பத்துப் பன்னிரண்டு வருஷமாக என் மேசையில் படுத்திருக்கிறார், நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. தண்ணீர் சூடா, போதுமா, இன்றைக்குக் காற்று ஜாஸ்தி. அவ்வளவுதான். வாய் ஓயாமல் மருமகளைத் திட்டிக்கொண்டே தேய்த்துக்கொள்ளும் பெண்களுக்கு நடுவில் டீச்சர் வருவது எனக்கு ஓர் ஓய்வு மாதிரி. அவர் வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வலது முழங்காலை அழுத்தினால் வலிக்கும், விலாவில் கை வைத்தால் கூச்சம் வரும், குளிர்காலத்தில் குதிகால் வெடிக்கும், எல்லாம் தெரியும். மல்லாந்து முடிந்ததும் தொடையில் இரண்டு தட்டு தட்டுவேன், பக்கவாட்டில் திரும்புவார். மறுபடி இரண்டு தட்டு, குப்புறப் படுப்பார். தேய்ப்புக்காரிகள் யாருமே வாயால் திரும்பச் சொல்வதில்லை. கண்ணை மூடிக் கிடக்கிறவர்களை எதற்குக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும்?

போன கோடை முடியும்போது ஒரு நாள், மேசையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது, ஓரமாக வழிந்த தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியது. கையுறை எங்கேயாவது கீறிவிட்டதோ என்று பதறிப் பார்த்தேன். கீறல் எதுவும் இல்லை. டீச்சருக்கு மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. குனிந்து காதோடு சொன்னேன். "வயசானா அப்பப்ப வருமாம்" என்றார். "வராது டீச்சர். நின்னது நின்னதுதான். நாளைக்கே போய்க் காட்டுங்க, இல்லன்னா அடுத்த வாரம் இந்த மேசையில இடம் கிடையாது" என்றேன். நான் யார், அவரை அதட்டுவதற்கு? ஆனால் அதட்டிவிட்டேன். என் வாய் அப்படி.

கர்ப்பப்பையில் புற்று. அதைச் சொல்லிவிட்டுத்தான், அந்த வியாழக்கிழமை, உடம்பெல்லாம் சிவந்து ஆவி பறக்க மேசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு டீச்சர் கேட்டார்.

"ஆபரேஷனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணுமாம் அக்கா. கையெழுத்துப் போடணும், வெளிய உக்காந்திருக்கணும். யாராவது ஒருத்தர் இருந்தே ஆகணும்ங்கறாங்க."

"சொந்தக்காரங்க?"

"தம்பி சியோல்ல இருக்கான். அம்மா சாவுக்கப்புறம் பேச்சு இல்ல."

"இப்பக் கூப்பிட்டா வர மாட்டாரா?"

"வருவான். அதுக்காகத்தான் கூப்பிடல." டீச்சர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதுவரை மறைக்கத் தோன்றாதவர், அதைச் சொன்ன பிறகு மறைத்துக்கொண்டார். "நீங்க வருவீங்களா?"

"நான் யாருன்னு சொல்றது?"

"அக்கான்னு சொல்லுங்க. அப்படித்தானே கூப்பிடறேன்."

என் மகன் உல்சானில் கப்பல் கட்டும் இடத்தில் இருக்கிறான். புத்தாண்டுக்கும் அறுவடைத் திருநாளுக்கும் போன் பண்ணுவான், அம்மா சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். என்னைத் தேடி, நீங்கள்தான் வேண்டும் என்று ஒருவர் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. "இதுக்கு எதுக்கு இவ்வளவு தயக்கம், வந்தா போச்சு" என்று எதுவுமே இல்லாத மாதிரி சொல்லிவிட்டு, மேசையை இரண்டு வாளித் தண்ணீர் அடித்துக் கழுவினேன். ஒரு வாளியே போதும்.

ஆஸ்பத்திரியில் முதல் கோணலே முற்றும் கோணலாகப் பார்த்தது. சேர்க்கை மேசையில் இருந்த பெண் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள், டீச்சருடையதைப் பார்த்தாள்.

"கூடப் பொறந்த அக்காவா?"

"ஆமா, கூடப் பொறந்த அக்காதான்" என்றேன் அழுத்தமாக.

"அவங்க தோ. நீங்க பியோன்."

கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் எங்கள் ஊரில் பெண்ணுக்கு அப்பன் வீட்டுப் பெயர்தான், சாகும்வரை. கூடப் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு குடும்பப் பெயர் வரவே வராது. பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு வாரமாக உட்கார்ந்து யோசித்த எனக்கும் தோன்றவில்லை, ஆயுள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கும் தோன்றவில்லை. "பெரியம்மா பொண்ணு. ஒரே வீட்ல வளர்ந்தோம், அதான் கூடப் பொறந்தவன்னே வாயில வந்துடுச்சு" என்று சமாளித்தேன். அந்தப் பெண் நம்பினாளோ இல்லையோ, பின்னால் வரிசை நீளமாக இருந்தது, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள்.

லிஃப்ட் பக்கம் திரும்பியதும் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மயக்கமோ என்று ஓடிப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல் தோள் குலுங்கக் குலுங்க. "பெரியம்மா பொண்ணா! எங்கம்மா ஒத்தப் பொண்ணு அக்கா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். துணி உடுத்தி நின்றதையும் அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், கண்ணாடி, தூக்கம் இல்லாத முகம். வயிற்றைக் கிழிக்க மாட்டார்களாம், தொப்புளை ஒட்டி வரிசையாக ஐந்து சின்னத் துளை போடுவார்களாம். ரோபோவின் கைகள் அது வழியாக உள்ளே போகும். காற்றை அடைத்து வயிற்றை உப்ப வைத்து, தலை கீழாகச் சரித்துப் படுக்க வைப்பார்கள். டாக்டர் அறையின் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் பெரிதாகப் பார்த்துக்கொண்டு, அங்கேயிருந்தே அந்தக் கைகளை ஓட்டுவாராம். "என் கை நடுங்கினாலும் அது நடுங்காது அம்மா, கவலைப்படாதீங்க" என்றார்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒரு உடம்பில் வேலை செய்கிறவள் மூலையில் போய் உட்காருவாளா? ஆனால் வாயைக் கட்டிக்கொண்டேன். டீச்சர்தான் கேட்டார், வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி:

"நீங்க மூலையில இருப்பீங்க. அப்ப என் பக்கத்துல யாரு நிப்பா?"

டாக்டர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். உதவி டாக்டர் இருப்பார், நர்ஸ்கள் இருப்பார்கள், மயக்க டாக்டர் தலைமாட்டிலேயே இருப்பார் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நாலு படுக்கை கொண்ட அறை. எதிர்ப் படுக்கையில் கிம்ஹேயிலிருந்து வந்த ஓர் அம்மா, சினைப்பையில் கட்டி எடுத்திருந்தார்கள். அவரைச் சுற்றி மகள், மருமகள், நாத்தனார், அவர்கள் கொண்டு வந்த டப்பாக்கள். பூசணிக் கஞ்சி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று அறைக்கே விருந்து. நல்ல மனுஷிதான், ஆனால் மூக்கு நீளம். "ரெண்டு பேருக்கும் ஜாடையே இல்லையே, யாரு அம்மா மாதிரி, யாரு அப்பா மாதிரி?" என்றார் கிழங்கை நீட்டிக்கொண்டே. "அவ எங்க சித்தப்பா மாதிரி" என்று அடித்துவிட்டேன். அக்காவாக வந்துவிட்டு டீச்சரை நீங்க, வாங்க என்று கூப்பிட முடியாது. "நீ தண்ணி குடிக்காத, இனிமே குடிக்கக் கூடாது" என்று முதல் தடவை சொன்னபோது என் காது எனக்கே சுட்டது. டீச்சர் போர்வைக்குள்ளிருந்து, "சரிக்கா" என்றார். அந்தச் சரிக்காவை நான் ராத்திரி முழுக்க, துணையாளுக்கென்று போட்டிருந்த குட்டைக் கட்டிலில் படுத்து நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

காலையில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுவரை கூடப் போனேன், அதற்கு மேல் விடவில்லை. காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு திரை. அதில் பெயர்கள், நடுவெழுத்தை மறைத்துப் போட்டிருந்தார்கள், பக்கத்தில் 'அறுவை நடக்கிறது' என்று. என்னைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் போய்க் காப்பி வாங்கி வந்தார், ஒருவர் சாய்ந்து தூங்கினார், ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டார்கள். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது, எழுந்து போகப் பயம். நான் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்? டீச்சர் பெயருக்கு நேரே, தோ மி-ரியோங்குக்கு யாரும் வரவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தோ மி-ரியோங் துணையாள்!"

எழுந்த வேகத்தில் கைப்பை விழுந்து சில்லறையெல்லாம் உருண்டது. பொறுக்காமல் ஓடினேன். சின்ன அறை. டாக்டர் முகத்துணியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றார். நெற்றியில் அந்தப் பெட்டி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார். பிறகு தட்டு ஒன்றை என் முன்னால் நகர்த்தி, மேலே கிடந்த பச்சைத் துணியை விலக்கினார். எடுத்ததை வீட்டாருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை.

இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு பேரிக்காய் அளவுகூட இல்லை. வெளிறிய ரோஜா நிறம். நடுவே கீறித் திறந்து, டாக்டர் இடுக்கியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே மட்டும் பிசுபிசுவென்று ஒரு மேடு. "வெளிய பரவின மாதிரி கண்ணுக்குத் தெரியல. நிணநீர்க் கட்டியும் எடுத்து அனுப்பியிருக்கோம், முடிவு வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். டீச்சரை அம்மணமாக எத்தனையோ நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி கூசிப் போய்த் துணியை இழுத்து மூடினேன்.

மயக்கம் தெளிந்து வந்தபோது டீச்சரின் முகம் வீங்கிக் கண் இரண்டும் கோடாக இருந்தன. தலைகீழாகக் கிடந்ததால் அப்படித்தான் இருக்குமாம். வயிற்றில் அடைத்த காற்று தோளுக்கு ஏறி, தோள்தான் வலிக்கிறது என்று முனகினார். தோள் எனக்குத் தெரிந்த இடம். ராத்திரி முழுக்க உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தடவிக்கொடுத்தேன். நடுவில் ஒரு தடவை, "அக்கா, பாத்தியா?" என்றார். "பாத்தேன். நல்லா சுத்தமா, சின்னதா இருந்துச்சு. அதுக்குள்ளயா இவ்வளவு திமிருன்னு ரெண்டு திட்டு திட்டிட்டு வந்தேன்." வீங்கிய முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. என் கையை எடுக்க விடாமல் கன்னத்தால் அழுத்திக்கொண்டார்.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

மறுநாள் காலை வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவருக்கு உடம்பு துடைத்துவிட்டேன். குளிக்காமல் கிடப்பது அவருக்குப் பிடிக்காது. வலி மருந்தில் கண் சொருகிக் கிடந்தார். கழுத்து, கை, கக்கம், கால். முன்பக்கம் முடிந்தது. என் கை, அது என்னைக் கேட்கவில்லை, போய்த் தொடையில் இரண்டு தட்டு தட்டியது.

டீச்சர் திரும்பினார். அப்படியே, மேசையில் திரும்புகிற மாதிரி, ஒரே வீச்சில் பக்கவாட்டில். வயிற்றிலிருந்து தொங்கிய வடிகுழாய் கட்டில் கம்பியில் மாட்டியிருந்தது. அது இழுத்த இழுப்பில் அவர் போட்ட அலறலுக்கு வராந்தாவிலிருந்து இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள்.

"யாரு இவங்கள இப்படித் திருப்பினது? ஆபரேஷன் பண்ண ஒடம்பு! உங்களுக்கு அறிவு வேணாமா?"

"நான் திருப்பல! தட்டினேன், அவங்களாத் திரும்பிட்டாங்க!" வாய்க்கு வந்ததைக் கொட்டினேன். "பழக்க தோஷம்மா! பன்னெண்டு வருஷமா என் மேசையில தட்டினா திரும்புவாங்க டீச்சர்! மன்னிச்சிடுங்க டீச்சர், வலிக்குதா டீச்சர்?"

குழாய் கழன்றுவிடவில்லை. நர்ஸ் பார்த்து ஒட்டுப் போட்டுவிட்டு, என்னை முறைத்துவிட்டுப் போனாள். பிறகு கிம்ஹே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தையல் பிரிஞ்சுடும் போல இருக்கே! குளியல் கூடத்து அக்காவா நீங்க? நான் நெனச்சேன், அந்தக் கையப் பாத்தப்பவே நெனச்சேன்" என்று சிரித்தார். மருமகள் சிரித்தாள், ஜன்னலோரப் படுக்கைக்காரியும் சிரித்தாள். எனக்கும், டீச்சர் பிழைத்துக்கொண்ட நிம்மதியில், சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் முதுகையும் ஒரு தேய் தேய்த்துவிடுங்கள் என்று கிம்ஹே அம்மா கேட்டதற்கு, தையல் பிரித்ததும் வாருங்கள் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அவர்கள் திரையை இழுத்துக்கொண்டார்கள். திரை என்பது துணிதானே. அந்தப் பக்கம் கிம்ஹே அம்மா குரலைத் தாழ்த்தி, பரிதாபத்தோடுதான், சொன்னது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. "பாவம்டி. டீச்சராம். யாருமே இல்ல போலிருக்கு. அழுக்குத் தேய்க்கறவளக் கூட்டிக்கிட்டு வந்திருக்கு."

டீச்சர் கண்ணைத் திறந்திருந்தார். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டு எரிந்தது. திரையைக் கிழித்துக்கொண்டு போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க எழுந்தேன்.

"விடுங்க" என்றார் டீச்சர். "உண்மையத்தானே சொல்றாங்க."

மத்தியானம் கஞ்சியை இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு வைத்துவிட்டார். "நீங்க கெளம்புங்க. உங்க வேலை கெட்டுப்போகுது. இனிமே நர்ஸ் பாத்துப்பாங்க." நான் நீ என்று பேச ஆரம்பித்த இடத்தில் அவர் நீங்களை இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார். கெஞ்சத் தெரிந்தவளாக இருந்தால் இருந்திருப்பேன். ரோஷம் வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். டிஸ்சார்ஜ் ஆன அன்று டாக்சியில் தனியாகப் போனார் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் குளியல் கூடத்துக்கு ஒரு பெட்டி பேரிக்காய் வந்தது. தங்கக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி. ஏதோ அலுவலகத்தில் காரியம் முடித்துக்கொடுத்தவருக்கு அனுப்புவார்களே, அந்த மாதிரிப் பெட்டி. நான் ஒன்றுகூடத் தின்னவில்லை. கல்லாவில் உட்காரும் முதலாளியம்மாளிடம் கொடுத்துவிட்டேன், எல்லோருக்கும் நறுக்கிக் கொடுத்தாள், ரொம்ப இனிப்பு என்றார்கள்.

தொட்டியில் ஊறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். அதனால் முதல் இரண்டு மாதம் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை மதியம் யாராவது மேசைக்கு வந்தால், "இப்ப ஆள் இருக்கு" என்று சொல்லிவிடுவேன். யாரும் இல்லாத மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும் என்னை மறக்கவில்லை. 'தோ மி-ரியோங் அவர்களின் துணையாளர் அறிவது' என்று ஆரம்பித்து, பரிசோதனை முடிவு கேட்க வரவேண்டிய நாளை என் போனுக்கு அனுப்பினார்கள். நான் அதை டீச்சருக்கு அனுப்பி, கூட வரட்டுமா என்று கேட்டேன். 'நன்றி. நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று பதில் வந்தது. என்ன முடிவு என்று கேட்டு எழுதினேன். பார்த்ததாக மட்டும் காட்டியது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அந்த இலையுதிர் காலம் எனக்கு எப்படிப் போனது என்று யாரிடம் சொல்ல? நிணநீர்க் கட்டிக்குப் பரவியிருக்குமோ. மருந்து ஏற்றித் தலைமுடி கொட்டி, அந்தத் தெரியாத தெருவில், தெரியாத வீட்டில், ஒரு வாய் கஞ்சி வைத்துத் தர ஆளில்லாமல் கிடக்கிறாரோ. யாரைத் தேய்த்தாலும் கை அவர்கள் வயிற்றுக்கு வரும்போது நின்றுவிடும். என்ன அக்கா தூங்கறீங்களா என்பார்கள். அழுகை வந்தால் ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொள்வேன், அங்கே எல்லார் முகமும் நனைந்துதான் இருக்கும்.

குளிர் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கி-சூன் சொன்னாள். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை, அன்று மேசையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்.

"உங்க வியாழக்கிழமை டீச்சர் இருக்காங்கல்ல, அவங்க செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வர்றாங்க அக்கா."

"எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க. மேசைக்கு வர மாட்டேங்கறாங்க. தானே மூலையில உக்காந்து தேய்ச்சுக்கிட்டுப் போயிடறாங்க."

முதலில், உயிரோடு இருக்கிறாரே என்று இருந்தது. அப்படியே துணி மாற்றும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நிமிஷமே கோபம் கொப்பளித்தது. நல்லா இருந்துகொண்டா? நான் இங்கே செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்க, என் விடுமுறை நாளைப் பார்த்து, திருடி மாதிரி வந்து குளித்துவிட்டா போகிறார்?

செவ்வாய்க்கிழமை மதியம் நானே காசு கொடுத்து உள்ளே போனேன். முதலாளியம்மா அலமாரிச் சாவியை நீட்டிக்கொண்டே, "லீவு நாள்லயும் இங்கயா? வேற போக்கிடமே இல்லயா உனக்கு?" என்று கிண்டல் பண்ணினாள். "இல்லதான்" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

ஆவியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கோடி மூலையில், குட்டை ஸ்டூலில் அவர் தெரிந்தார். முடி இருந்தது, நன்றாகவே இருந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. நீளத் துணியை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், அது நடுமுதுகைத் தொடாமல் வழுக்கி வழுக்கி இறங்கியது. பக்கத்தில் போய் நின்றேன். வயிற்றில் வரிசையாக ஐந்து சின்னத் தழும்பு, பித்தான் தைத்த மாதிரி. என் நிழலைப் பார்த்தே யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. துணியை மடியில் இறக்கிக்கொண்டார்.

"சுத்தமா எடுத்தாச்சாம்" என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டு. "பரவலயாம். மருந்தும் வேணாம்னுட்டாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேவா? எனக்கு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க? எத்தன நாள் நான்..." வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்த வசவில் ஒன்றுகூட வரவில்லை.

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும் அக்கா. எவ்வளவோ நாளாத் தெரியும். அத இன்னொருத்தர் வாயால கேட்டது அன்னிக்குத்தான். உங்க முகத்தப் பாத்தா அந்தக் குரல்தான் கேக்குது. நீங்க என்ன தப்புப் பண்ணீங்க, ஒண்ணுமில்ல. ஆனா கேக்குதே, என்ன பண்ண?"

"எனக்கு யாரு இருக்கா?" என்றேன். கோபமாகத்தான் வந்தது. குரல் சுவரில் மோதி நாலு பக்கமும் கேட்டது, தொட்டியில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்கு என்னையும் அப்படி ஒரு கதவுக்குள்ள தள்ளிக்கிட்டுப் போனா, வெளிய உக்கார யாரக் கூப்பிடறது நான்? சொல்லுங்க. யாரு பேர எழுதறது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்து, அவருக்கு முன்னால், அவருக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குளியல் கூடங்களில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டுக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட. கொஞ்சம் திரும்பறீங்களா என்பார்கள், முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தேய்ப்புக்காரியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இத்தனை வருஷத்தில், இந்த ஆவிக்குள், என் முதுகில் இன்னொருவர் கை பட்டதில்லை. எனக்கே அது உறைத்தது அங்கே உட்கார்ந்த பிறகுதான். முதுகு இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி, அந்த இடம் முழுக்கக் குளிர்ந்து கிடந்தது.

பழக்கத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்த கையுறையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. கை வலித்தது, இறக்காமல் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் சொம்பைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்டூல் ஈரத் தரையில் உரசி நகர்ந்தது. அந்தக் கூடத்து எதிரொலியில், அது கிட்ட வருகிறதா தள்ளிப் போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.